உன் பேரில் நான் நடந்த நடை

கண்டனூர்,
புதன்கிழமை

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அப்பச்சி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், வீடும், பூட்டிக் கிடக்கும் பதினோரு அறைகளும் சௌக்கியம். படிப்புக்காகக் கோயமுத்தூர் போன நீயும் துணைக்கு வந்த உங்க ஆத்தாளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் சொன்னால் ரெண்டு நீல டிக்கோடு முடிந்துவிடும் என்பதால் கடிதம்.

உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தப்ப, மாணவி செல் நம்பர் என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் என் நம்பரை எழுதிவிட்டேன். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யணும்னு தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளியில் மெசேஜ் விடுறாங்க. அது எனக்கு வருது. "கிருத்திகா, நலமா? இன்று ஐயாயிரம் அடி நடந்தாயா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." முதல் நாளே உன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா நலமான்னு கேட்டவுகளுக்குப் பதில் போடாம இருந்தா மரியாதையா? 1 போட்டேன். போட்ட பிறகு, பெத்த பிள்ளை பேரில் பொய் சொல்லக் கூடாதேன்னு நானே நடந்தேன். நம்ம வீட்டு முன்வாசலில் இருந்து பின்தெரு வாசலுக்குப் போய்த் திரும்பினா முந்நூறு அடி. பதினேழு நடை. கணக்குத் தப்பாம இருக்க நடைக்கு ஒரு புளியங்கொட்டை. வீடு கூட்ட வரும் ஒச்சம்மாள் ரெண்டு நாள் பார்த்துட்டு, "சாவியத் தொலச்சிட்டீகளாய்யா? சொன்னா நானும் தேடுவேன்ல" என்றாள். "நடக்கிறேன்" என்றேன். "எங்குட்டு?" என்றாள். நான் அடுத்த புளியங்கொட்டையை எடுத்தேன்.

மூணாம் வாரம் அவள் துடைத்த ஈரத்தில் வழுக்கி முழங்கால் வீங்கிப்போச்சு. நேர்மையாக 2 போட்டேன். "பரவாயில்லை கிருத்திகா, நாளை முயல்வோம். நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று வந்தது. நாலு தடவை படிச்சேன். மனசு இளகி, வீக்கம், ஒத்தடம், காலையில் வாங்கின இட்லியே ராத்திரிக்கும் ஆனது, எல்லாத்தையும் விவரமா எழுதி அனுப்பினேன். "தவறான பதில். 1 அல்லது 2 அழுத்தவும்" என்று வந்தது.

வீக்கம் வடிஞ்சதும் மறுபடி நடக்க ஆரம்பிச்சேன். இப்ப வம்பு என்னன்னா, பள்ளியிலேயே அதிக நாள் நடந்த மாணவி நீதான் என்று நேற்று சேதி வந்திருக்கு. அடுத்த வெள்ளி விளையாட்டு விழாவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நீதான் எல்லாருக்கும் முன்னால் ஓடணுமாம். முனைக்கடைக்குப் போகவே ஸ்கூட்டி சாவி கேட்கிற பிள்ளை நீ. மைதானத்தில் மூச்சு வாங்கி நீ உட்கார்ந்து, நாலு பேர் சிரிச்சா, அது என் கால் செஞ்ச பாவம். இந்தக் கடிதத்தையே உங்க பி.டி. மிஸ்ஸிடம் காட்டு. அப்பன் ஒரு கிறுக்கன்னு சொல்லிக்கோ, பரவாயில்லை. நம்பரையும் உடனே மாத்தச் சொல்லு. எனக்கு அந்த மெசேஜ் இனி வேண்டாம். இங்கே ஆயிரம் சோலி கிடக்கு.

படிப்பும் உடம்பும் ஒண்ணுக்கொண்ணு குறையாமல் நீ நல்லா இருக்க நம்ம கோயில் சாமி துணை நிற்கட்டும். உங்க ஆத்தாளிடம் முழங்காலைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உனக்காக நடந்த அப்பச்சி
அழகுசுந்தரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், மணி ஆறு, "கிருத்திகா, நலமா?" வந்துருச்சு. ஓட்டத்தில் இருந்து உன் பேரை மட்டும் எடுத்தாப் போதும், நம்பர் கிடந்துட்டுப் போகட்டும். மாத்தித்தான் ஆகணும்னா, ஆறு மணிக்கு நீ ஒரு மெசேஜ் போடு. நடந்தீகளான்னு கேட்க வேணாம். அந்த "நலமா" மட்டும் போதும். நான் 1 போட்டுர்றேன்.