அக்காவுக்காக நான் செடி வெட்டிய கதை

எங்கள் தோட்டத்தில் என்னைப்போல் செம்பனை மட்டை வெட்ட ஆளே கிடையாது என்று இருபது வயதில் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வேறு யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லவேண்டியிருந்தது.) அந்த வாய்க்கொழுப்புதான் அக்காவின் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. எங்களுக்குத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. வாசலில் பெரிய மாமரம், அதன் நிழலில் அம்மா வைத்த செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ. வெயிலைத் தேடித் தேடி அவை ஆளுயரத்துக்கு மேல் போய் வழியையே அடைத்துவிட்டன. வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். மழையில் வருகிறவர்கள் குடையைச் செடிக்குப் பறிகொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள், இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான்காவதாக வந்தது சுங்கை சோ வரன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெயர் சண்முகம். போட்டோவை அக்கா சேலை மடிப்புக்குள் வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். கிண்டல் பண்ண வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "தம்பி, இது நடந்தா நல்லா இருக்கும்டா."

அக்கா எதற்கும் ஆசைப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரத்தது. (என் கை பரபரத்த நாளெல்லாம் யாருக்காவது கஷ்டம்தான்.)

அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிறு காலையில் அம்மா, "வாசல் காடா கெடக்கு. வர்றவங்க பேய் வீடுன்னு நெனைக்கப் போறாங்க. யாரையாச்சும் கூப்பிட்டு வெட்டச் சொல்லு" என்றாள்.

"ஆள் எதுக்கு? நான் இருக்கேன் லா."

எனக்குத் தெரிந்தது செம்பனை வெட்டு. கீழ் மட்டையை ஒட்ட வெட்டி, உச்சியில் ஒரு கொத்தை விடுவது. செம்பருத்திக்கும் அதையே செய்தேன். ஒரு மணி நேரத்தில் அம்மாவின் செடிகள் எல்லாம் குச்சியும் குடுமியுமாக நின்றன.

அம்மா வெளியே வந்து ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தாள். பிறகு, "ஏன்டா, இதுங்களுக்கு என்னா வேண்டுதல்? முடி எறக்கி வெச்சிருக்கே?" என்றாள்.

நந்தியாவட்டைக்குள் கெரெங்கா கூடு இருந்தது. இலைகளை ஒட்டி உருண்டையாகக் கட்டியிருக்கும் சிவப்பு எறும்பு. கடித்தால் கடித்த இடத்தை விடாது. பார்க்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நன்றாகவே பார்த்தேன். எட்டி நின்று, நீளக் கம்பில் கட்டிய அருவாளால் கூட்டோடு கிளையை அறுத்துக் கீழே தள்ளினேன். வீடு இடிந்தால் குடியிருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு.

அடுத்தது அடுக்குவது. தோட்டத்தில் வெட்டிய மட்டையை வரிசையாக அடுக்காவிட்டால், அப்பா பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் கத்துவார். அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருந்தது. கிளைகளை வாசற்படிக்குப் பக்கத்தில், நூல் பிடித்த மாதிரி முழங்கால் உயரத்துக்கு அடுக்கினேன். கூடு இருந்த கிளைகள் அடியில். மேலே இலைகளைப் பரப்பி மெத்தை மாதிரி தட்டிவிட்டேன்.

அப்பா வந்து சுற்றிப் பார்த்தார். "அடுக்கு நேரா இருக்கு" என்றார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். "இதுல கெரெங்கா இருந்துச்சே?"

"அதெல்லாம் ஓடிப் போச்சுப்பா."

மத்தியானம் மழை கொட்டி, வாசல் சேறாகிவிட்டது. நான்கு மணிக்கு மாப்பிள்ளை அம்மா அப்பாவோடு வந்தார். காலில் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று சேற்றைப் பார்த்துத் தயங்கினார். நான் பாய்ந்து போனேன்.

"இது மேல வைங்கண்ணே. சேறு படாது."

சப்பாத்துக்குள் காலுறையைச் சுருட்டி வைத்து, அடுக்கின் நட்ட நடுவில் வைத்தார். அவர் அம்மா செருப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, "பரவாயில்லையே, செருப்புக்குக்கூட மேடை கட்டியிருக்காங்க" என்றார். அந்தப் புகழையும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே கேசரி, வடை, காப்பி. அக்கா தட்டைப் பார்த்தாள், மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். கடைசியில் அவர் அப்பா எழுந்து, "அப்ப நாங்க வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்றார்.

அதே வார்த்தை. சமையல்கட்டு வாசலில் அக்காவின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து காலுறையை மாட்டினார், சப்பாத்தைப் போட்டார், எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது. பிறகு ஒரு கால் தூக்கினார். அப்புறம் இன்னொரு கால். அப்புறம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தார். சாமி வந்து ஆடுகிறவர் மாதிரி சேற்றில் மூன்று சுற்று வந்து, என் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். (மிச்சக் கெரெங்காவுக்கு அதுவரை வேலை இல்லாமல் இருந்தது.)

நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். உள்ளே தலை குனிந்து நிற்க வேண்டிய அக்காதான் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். சப்பாத்தைப் பிடுங்கி எறிந்தாள், காலுறையை உருவினாள், காலில் தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு எறும்பாகப் பிய்த்துப் போட்டாள். பிய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, அவள் வாயில் வரும் என்று நான் நினைத்தே பார்க்காத நாலு வார்த்தை சொன்னாள்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர், காலில் வீக்கம், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ப் பேச இனி என்னாம்மா இருக்கு? இங்கயே சொல்லிடுங்க" என்றார்.

தையில் கல்யாணம். அம்மாவின் செம்பருத்தி அதற்குள் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாகப் பூத்தது. மறுபடி அதைத் தொட என்னை யாரும் விடவில்லை.

போன வருஷம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் தாய்மாமன், முன்வரிசை மரியாதைக்காரன், புதுச் சட்டை போட்டுச் சீக்கிரமே போய்விட்டேன். மச்சான் வாசலில் நின்று, வந்தவர்களிடம் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"தப்பா நெனைக்காதீங்க, செருப்பை உள்ளயே கொண்டு வந்திடுங்க. பொண்ணோட தாய்மாமன் வந்திருக்காரு."

அவர்களும் ஒன்றும் புரியாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சமையல்கட்டிலிருந்து அக்கா சிரித்துக்கொண்டே வந்து, என் செருப்பை மட்டும் எடுத்துப்போய் மரத்தடியில், கெரெங்கா கூட்டுக்குக் கீழே வைத்தாள்.