மாமன் மடி

"முகத்துல இருக்குற துண்டை எடுங்க. ஊசி முட்டிக்குத்தான்," என்றார் டாக்டர்.

காளிராஜ் அந்தப் பச்சைக்கரைத் துண்டை எடுக்கவில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தார். ஆனால் பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் முகத்தில் துண்டோடு படுத்திருந்தார். அவர் நம்ம ஊர் ஆளாக இருந்துவிட்டால்?

"மூட்டுக்குள்ள இருக்குற வழுவழுப்பு கொறஞ்சுபோச்சு. அதுக்குத்தான் இந்த ஹயலூரானிக் ஆசிட் ஊசி. வலி மெல்லத்தான் கொறையும். ரெண்டு பேருமே இப்போதைக்குத் தரையில சம்மணம் போடக் கூடாது."

காளிராஜுக்கு ஊசியைவிட அதுதான் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை கார்த்திகாவின் மகளுக்குக் காதுகுத்து. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. தரையில் சம்மணம் போட்ட தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது அவர்கள் வழக்கம். "என் மருமக என் மடியிலதான் அழுவா" என்று, தான் ஃபோர்மேனாக இருக்கும் பேண்டேஜ் ஆலை முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தார். அவர் அசந்தால் உட்காரத் தயாராக இருந்தான் சித்தப்பா மகன் வைகுண்டராஜ்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

"காலுக்கு என்னங்க?" என்றாள் மனைவி மகாலட்சுமி.

"நாய் கடிச்சிருச்சு." வாயில் வந்தது அதுதான்.

மகாலட்சுமி ஆட்டோவைக் கூப்பிட்டாள். இன்னொரு ஊசியா என்று அவர் மிரண்டுபோனார். "தெருநாய் இல்லட்டி, நம்ம வைகுண்டராஜ் வீட்டு நாய்தான்!"

வீட்டு நாய் என்றால் விட்டுவிடுவாள் என்பது அவர் கணக்கு. அவளோ அவர் கையில் நாய்க்கடி ஊசியையும் போடவைத்து, வைகுண்டராஜுக்கும் போனைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலமே அவன் நாயோடு வந்து நின்றான். நாய் காளிராஜின் கையைப் பாசமாக நக்கியது.

"இதுவாண்ணே கடிச்சுச்சு? சரி, கடிச்சதாவே இருக்கட்டும். கடிபட்ட காலை மடக்க வேண்டாம். மடியில நான் வச்சுக்கிடுதேன்."

"ஏலே, கடியெல்லாம் இல்ல! லேசா பல்லு பட்டுச்சு, அம்புட்டுதான்!"

"அப்ப உக்காந்து காட்டுங்க. இல்லன்னா என் நாய் மேல போட்ட பழிக்குப் பதில் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க உக்காருதேன்லே!"

ஞாயிற்றுக்கிழமை தேவதானம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் உட்காரவும் செய்தார். நாதஸ்வரத்தையும் மீறி முட்டி மடக்கென்றது. ஆனால் மருமகளை மடியில் வைத்ததும் வலி எங்கோ போய்விட்டது. அவள் மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் மடிக்கு எவன் மடியும் ஈடாகாது!"

காளிராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி ஆலை முதலாளியே வந்து சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்கவும் முடியாது.

போன வலி நாலு மடங்காகத் திரும்பி வந்தது. கண்ணீர் பொங்கியது. வைகுண்டராஜ் உற்று உற்றுப் பார்த்தான். சட்டென்று பச்சைக்கரைத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாலே? ஒனக்கு நாய் பெருசு. எனக்கு என் மருமக பெருசு," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

வைகுண்டராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிருங்கண்ணே. நீங்கதான் மாமன்."

காது குத்தும் தங்கச்சாமி ஆசாரி வந்து சேர்ந்தார். கையில் தோட்டோடு, குனியாமல், அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"அட, நீங்களா அண்ணாச்சி! எந்திரிங்க, ரெண்டு சேர் போடச் சொல்லுங்க. முட்டியில ஊசி போட்டுட்டு, தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே சொன்னாரு!"