தாய்மாமன் குமரவேலின் சந்தேகங்கள்

எனக்கு இதுவரை எந்தப் பால்வினை நோயும் வந்ததில்லை. வருவதற்கான வாய்ப்பும் (வெட்கத்தை விட்டே சொல்கிறேன்) அமைந்ததில்லை. ஆனாலும் எலவனாசூர்கோட்டையைச் சுற்றி எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், "பையனுக்கு ஏதோ சந்தேகம்னு பேசிக்கிறாங்களே" என்று காபியோடு சேர்ந்து அந்தப் பேச்சும் வந்துவிடும். இந்தப் புகழை நானே, என் சொந்தக் கையால், கத்தரிக்கோல் வைத்துத் தேடிக்கொண்டேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வு மன்றம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் அலமேலு. கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். விடுதியில் தங்கிப் படித்தாள். நாம் பேசி முடித்த பிறகும், இன்னும் ஏதோ சொல்லப் போகிறோம் என்பதுபோல ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் அவள் பேசுவாள். அந்த ஒரு நொடிக்காகவே நான் மன்றத்தில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் மட்டும் 'சமூக அக்கறை' என்று எழுதினேன்.

அரசு மருத்துவமனையிலிருந்து ஆலோசகர் மேடம் ஒருவர் வந்து பேச ஏற்பாடு. பெயர் போடாமல் யாரும் சந்தேகத்தை எழுதிப் போடலாம் என்று அலமேலு நூலக வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்தாள். ஒரு வாரம் கழித்து, நிகழ்ச்சிக்கு முதல்நாள் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சங்கராபுரம் பஸ் டிக்கெட்டும் ஒரு மிட்டாய்க் காகிதமும் இருந்தன.

"இன்னா குமரவேலு பண்றது? இதெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு எதுக்கும்மான்னு பிரின்சிபால் அப்பவே கேட்டாரு. காலிப் பொட்டிய பாத்தா மன்றத்தையே மூடிடுவாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு அண்ணன், சொல்ல வெக்கப்பட்டுக்கினே இருந்துச்சு. ஒடம்புல ஒன்னுமில்லாம போனப்பறம்தான் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு வந்தாங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் மூளை வேலையை நிறுத்திவிட்டது. (அதற்கு முன்பும் முழுநேரம் வேலை பார்த்தது என்று சொல்ல முடியாது.) "நாளைக்குப் பாரு, பொட்டி ரொம்பிடும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் மிச்சமான பத்திரிகையைத் தூக்கிப் போட மாட்டார்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே! நான் பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கெல்லாம் யாரோ ஒருவர் கல்யாணத்தின் முதுகில் போட்டதுதான். அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது, முந்தின மாதம் நடந்த என் அக்கா மகனின் காதணி விழாப் பத்திரிகை. ஆறு பத்திரிகைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, இருபத்து நான்கு சந்தேகங்கள் எழுதினேன். இடது கையால் சில, சாய்த்துச் சில, எழுத்துப் பிழையோடு சில. கொசு கடித்தால் எய்ட்ஸ் வருமா, அடுத்தவர் துண்டைக் கட்டினால் வருமா, அரிப்பு இருந்தால் யாரிடம் காட்டுவது என்று கற்பனை ஊற்றெடுத்துப் பாய்ந்தது. பெண்கள் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவர்கள் சார்பிலும் ஏழெட்டு எழுதினேன். காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்த அலமேலுவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அரங்கு நிறைந்த கூட்டம். கரண்ட் இல்லை. மேடம் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் ஒவ்வொரு சீட்டையும் கையை முழுதாக நீட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துப் படித்தார். முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எங்களுக்கு.

முதல் சீட்டு, கொசு. பின்னால் 'காதணி விழா அழைப்பிதழ்'. கொசுவால் வராது என்று மேடம் விளக்கினார். இரண்டாவது, வெள்ளைப்படுதல். பின்னால் 'சுற்றமும் நட்பும் சூழ வருக'. லேசாகச் சிரிப்பு கிளம்பியது. நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது சீட்டை மேடம் நிதானமாகப் படித்தார்: "எனக்கு இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. என்ன செய்வது?"

முன்வரிசையில் ஒருவன் எழுந்து பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். "தாய்மாமன், ப. குமரவேல், பி.எஸ்சி.!"

அச்சகத்தில் உட்கார்ந்து அடம்பிடித்து, முடிக்காத பட்டத்தையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான்தான். கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. கூரை பறக்கிற சிரிப்பு. மேடம் அடுத்தடுத்து எடுத்த சீட்டுகளில் அரிப்பும் நானே, புண்ணும் நானே, பிரசவமும் நானே. பிரின்சிபால் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அலமேலு மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பின்னால் இருந்து ஒரு குரல். "மேடம், குமரவேலுக்கு இன்னொரு சந்தேகமாம். ஒருவாட்டி தப்பு பண்ணாக்கூட நோய் வருமா?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் கேட்டவன் குரல் கடைசியில் நடுங்கியது. மேடம் சிரிக்கவில்லை. "குமரவேல் கிட்ட சொல்லுங்க, ஒரு தடவையிலயும் வரலாம். ஆணுறை இல்லாம போகக் கூடாது. பயமா இருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுத்துக்கலாம். காசு கெடையாது, யார் கிட்டயும் சொல்ல மாட்டோம். முக்காவாசி நோய் மருந்துலயே சரியாயிடும். மறைச்சு வெச்சாத்தான் ஆபத்து" என்றார்.

சிரித்தவர்கள் நேராக உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. "குமரவேலுக்கு இன்னொரு சந்தேகம் மேடம்..." அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் என் பெயரில் எனக்குத் தெரியாத என்னென்னவோ சந்தேகங்கள். பிரின்சிபால் மெதுவாக உட்கார்ந்தார். மன்றம் பிழைத்தது.

நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். அலமேலு தேடிக்கொண்டு வந்தாள்.

"எனக்காகவா எழுதுன?"

வாழ்க்கையில் ஒருவனுக்கு இதைவிட நேராக யாரும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டியிருந்தால் போதும். இருபத்து நான்கு சந்தேகம் எழுதிய மேதாவி என்ன சொன்னேன் தெரியுமா?

"சேச்சே. ஒரு சமூக அக்கறையிலதான்."

அவள் எப்போதும்போல ஒரு நொடி காத்திருந்தாள். அன்றைக்கு இரண்டு மூன்று நொடியே காத்திருந்தாள். பிறகு "செரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாதவிலக்குச் சீட்டைப் படித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கேவலமாக இல்லை. மறுவருடம் படிப்பு முடிந்து மலைக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கூச்சமான விஷயத்தைத் தன் பெயரில் கேட்பதில்லை. மூலம், மாதவிலக்கு, மலச்சிக்கல், எதுவாக இருந்தாலும் "குமரவேலுக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் டாக்டரிடமே ஆரம்பிக்கிறார்கள்.

போன மாதம் அங்கன்வாடிப் பயிற்சிக்காக வெள்ளிமலை போய்வந்த அக்கா, வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கே வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு பெண் சுகாதார வகுப்பு எடுத்தாளாம். எடுத்த எடுப்பிலேயே, "குமரவேல்னு ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்" என்றாளாம்.

"அலமேலுவா?" என்றேன்.

"அந்தப் பொண்ணுதாண்டா. ரெண்டு புள்ளைங்களாம். வகுப்பு முடிஞ்சு ஒரு பையன் கேட்டான், குமரவேலு நெஜமாவே இருக்காரா டீச்சர்னு. அதுக்கு அது சொல்லுது, இருக்காரு, ஊரே கேக்க வெக்கப்பட்டத எல்லாம் கேட்டாரு, அவரு கேக்க வேண்டியத மட்டும் கேக்கவே இல்லன்னு. புள்ளைங்க எல்லாம் ஒரே சிரிப்பு!"

அக்கா இதை இப்போது விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான் சிரிக்கிறேன். அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்கிறாள், அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். போதவில்லை.