நம் காலேஜ் டீம் தோற்ற விதம்

மயிலாப்பூர்,
பவ வருஷம், கார்த்திகை மாதம்,
சனிக்கிழமை சாயங்காலம்.

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு அத்திம்பேர் சுப்பராமன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அக்கா காமாக்ஷி பரம சௌக்கியம். அவளுடைய முழங்கால் வலிகூட இந்த வாரம் விட்டுவிட்டது. அது ஏன் விட்டது என்று பின்னால் சொல்கிறேன். நான் சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். நாகபுரியில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போய் வா.

நிற்க. நம் காலேஜ் பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் எப்படி ஆடுகிறது, நீ ஆடிய காலத்தைவிடத் தேவலையா என்று கேட்டிருந்தாய். நீ ஆடிய காலத்து டீம் மாதிரி மோசமான டீம் கிடையாது என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த வருஷம் லீக் பந்தயங்கள் எல்லாம் சாந்தோம் பக்கத்து நம் மைதானத்திலேயே நடக்கின்றன. ஆகையால் டிராம் கிடைக்கவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. சொந்த மைதானத்தில், சொந்தக் கூடையில், சொந்தப் பந்தை வைத்துக்கொண்டு, வந்தவன் போனவனிடமெல்லாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

பையன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்டன் உமர் ஃபாரூக் தங்கமான பிள்ளை, கச்சேரி ரோட்டில் அத்தர்க் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது சாயபுவின் மகன். அவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் கண் பட்டுவிடும். ஆனால் எதிராளி குறுக்கே வந்தால் ஒதுங்கி வழி விட்டுவிடுகிறான், வளர்த்த விதம் அப்படி. ரகுபதி என்று ஒருவன், பந்து கையில் அகப்பட்ட இடத்திலிருந்தே கூடையைப் பார்த்து எறிவான். நடுவில் ஆட்கள் நிற்பது அவனுக்குப் பொருட்டேயில்லை. ஷரஃபுதீன் நல்ல உயரம். ரூல்படி ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நட்ட நடுவில் நின்று எம்பிக் குதித்துப் பந்தைத் தட்டும் வேலை அவனுடையது. எதிராளிகள் கூடை போட்டபடியே இருப்பதால் இவனும் குதித்தபடியே இருக்கிறான். பாதி ஆட்டத்திலேயே பிள்ளைக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது.

முதல் மேட்ச் தேனாம்பேட்டை டீமோடு. டீம் மைதானத்தில் இறங்கும்போது எதிர்ப்பட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்று நான் எப்போதும் நேரம் பார்த்துப் போவது உனக்குத் தெரியும். அன்றைக்கும் கேட்டுக்குள் நுழைகிறேன், பையன்கள் எதிரே வருகிறார்கள், ஷரஃபுதீன் ஒற்றைத் தும்மல் தும்மிவிட்டான். விட முடியுமா? அத்தனை பேரையும் திருப்பி அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வாய் ஜலம் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். வெயிலில் வந்த பிள்ளைகள், ஒரு வாய் என்றால் கேட்கவில்லை, பானையையே காலி பண்ணிவிட்டார்கள். வயிறு குலுங்கக் குலுங்க ஓடியவர்கள் எப்படி ஜெயிப்பார்கள்? அதற்குள் ரெபரி வேறு விசில் ஊதி, தாமதத்துக்காகச் சண்டைக்கு வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும், நமக்கு ஆகாதவர். தும்மல், பூனை, எண்ணெய்க்குடம் எல்லாவற்றையும் பற்றி அன்று சாயங்காலமே பையன்களை உட்கார வைத்து விஸ்தாரமாகச் சொல்லிக்கொடுத்தேன். படிக்கிற பிள்ளைகள், கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கவனத்தில் பாதியைப் பந்தில் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது மேட்சுக்கு மழை. தோல் பந்து ஊறிப்போய்ப் பூசணிக்காய் கனம் கனத்தது. போதாக்குறைக்குக் கடல் காற்று எழும்பி, ரகுபதி எறிந்ததெல்லாம் கூடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. எதிராளிகளுக்கும் அதே காற்றுத்தானே என்று நீ கேட்பாய். உன் அக்காவும் அதைத்தான் கேட்டாள். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டத்தை ரசிக்க முடியாது. மூன்றாவது மேட்ச் அடையாறு டீமோடு. பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினார்கள் அல்லவா, ரகுபதிக்கு அது ஞாபகமில்லை. பந்தை வாங்கினான், ஒரே ஓட்டமாக ஓடினான், இந்த ஸீஸனிலேயே அழகான ஒரு கூடை போட்டான், நம் கூடையிலேயே. முதலில் எழுந்து நின்று கைதட்டியவன் நான்தான். எனக்கு மட்டும் பக்கம் மாறினது ஞாபகம் இருந்ததா என்ன? அடையாறுப் பையன்கள் எனக்கு வந்தனம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், கல்யாணம். ரிடையர் ஆன பிறகு சாயங்காலம் என்றால் எனக்குப் பயம். நீ ஆடிய நாளில் உனக்காக மைதானத்துக்கு வந்தேன். நீ நாகபுரி போன பிறகு எனக்காகவே போக ஆரம்பித்தேன். நான் கேட்டில் நுழைந்தால் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்து, "மாமா வந்துட்டாரு" என்பார்கள். ஊரில் நம் வரவையும் நாலு பேர் கவனிக்கிறார்களே என்று எனக்குப் பெருமை. உன் அக்காவிடம்கூடச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

போன வாரம் உமர் ஃபாரூக் நம் ஆத்துக்கு வந்தான். ரேழியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். நான் சகுன சாஸ்திரம் சொன்னேனே, அதை ரகுபதி வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறான். அவன் தாயார் தேவானையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்கள் மாமா முக்கியமான ஒன்றை விட்டுவிட்டாரே என்றாளாம். ஒரு காரியமாகக் கிளம்பும்போது ஒற்றைப் பிராமணன் எதிரே வந்தால் அந்தக் காரியம் உருப்படாது. இது எனக்குத் தெரியாததா? இந்த வயதுவரைக்கும் தெருவில் ஒற்றைப் பிராமணனைக் கண்டால் நானே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவன். ஆனால் நானும் ஒரு பிராமணன், நானும் ஒற்றையாகத்தான் போகிறேன் என்பது இன்றுவரை என் புத்தியில் உறைக்கவில்லை. நம்மை நாம் எதிரே பார்த்துக்கொள்ள முடிகிறதா, சொல்லு.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது மாமா," என்றான் உமர் ஃபாரூக். "ஆனா பசங்க பந்தைப் பாக்கறதில்ல. நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டையே பாக்கறாங்க. உங்களைக் கண்டதும் கை விட்டுப்போவுது."

"நான் வரலைன்னா ஜெயிச்சுடுவேளா?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. ஒரு தபா பாக்கலாமேன்னு கேக்கறாங்க."

அவனோடு என்ன சண்டை போடுவது? நம்பிக்கை இல்லாதவன் அவன், நம்பிக்கை உள்ளவன் நான். அவனுக்காக நானே வாதாடி, நானே தோற்றுப்போனேன். கடைசியில் ஒரு யோசனை வந்தது. இரண்டு பிராமணர்களாக எதிரே வந்தால் தோஷமில்லையே! எதிர்வீட்டு வேம்புவைக் கெஞ்சிக் கூத்தாடி புதன்கிழமை மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேம்புவுக்குப் பந்து விளையாட்டு என்றாலே வேப்பங்காய். வழியெல்லாம், "ஒரு பந்துக்கு இத்தனை தடியன்களா? ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடப்படாதோ?" என்று என் பிராணனை வாங்கினான். அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தேன். பையன்கள் வரிசையாக எதிரே வருகிறார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் வேம்புவைக் காணோம். மூலைக் கடையில் மூக்குப்பொடி வாங்க நின்றுவிட்டான்! நான் ஓடிப்போய் அவனை இழுத்து வந்து காட்டினேன். "இதோ இன்னொருத்தர், இன்னொருத்தர்" என்று கத்தினேன். அதற்குள் ரகுபதி முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்குத் தோற்றதை நான் விவரிக்கப் போவதில்லை. வேம்பு மட்டும் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, பொழுது போயிற்று என்றான்.

இன்றைக்குக் கடைசி மேட்ச், ராயப்பேட்டை டீமோடு. அவர்களும் நம்மைப் போலவே ஒன்றும் ஜெயிக்காதவர்கள். இன்று தோற்கிறவர்களுக்குத்தான் லீகில் கடைசி இடம். நேற்று உமர் ஃபாரூக் மறுபடி வந்து, மாமா ஆத்திலேயே இருக்கட்டும், மாமி நிறைகுடத்தோடு கேட்டண்டை எதிரே வந்தால் நன்றாயிருக்கும் என்று தேவானையம்மாள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். இந்த விளையாட்டைக் கல்யாணம் ஆன நாள் முதல் கரித்துக்கொட்டுகிறவள் உன் அக்கா. மாட்டேன் என்று சொல்வாள் என்றுதான் நான் தைரியமாக இருந்தேன். அவளோ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மத்தியானமே பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டாள். அரக்குப் புடவை, தலையில் கதம்பம். என் இடத்துக்கு என் பெண்டாட்டியையே நியமித்துவிட்டார்கள், கல்யாணம். போகும்போது, "நான் கிளம்பறச்சே நீங்க எதிரே வந்து நிக்காதேங்கோ" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். நான் உள்ளே போய் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதை எழுதும் இந்த நேரத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். கை சும்மா இருந்தால் கால் அந்தப் பக்கம் போய்விடும் என்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நம் பிள்ளைகள் ஜெயித்தால், தோல்விக்கெல்லாம் நான்தான் காரணம் என்று ருசுவாகிவிடும். இந்த ஜன்மத்தில் அந்தக் கேட்டை மிதிக்க முடியாது. தோற்றால் நம் காலேஜுக்குக் கடைசி இடம். எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கபாலி படத்துக்கு முன்னால் நின்று, பார்த்துச் செய்யப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அழுகை வருகிற மாதிரி இருக்கிறது. ஜெயிக்கட்டும். குழந்தைகள் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும். நான் சாயங்காலங்களில் வேம்புவோடு உட்கார்ந்து பொடி போடக் கற்றுக்கொள்கிறேன்.

உனக்கும் உன் அகத்துக்காரிக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். குழந்தைக்குப் பந்து கிந்து வாங்கிக் கொடுத்துவிடாதே. நெஞ்சில் தைலம் தடவித் தூங்க வை.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்,
சுப்பராமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்துவிட்டாள். குடம் தளும்பாமல் எதிரே வந்தாளாம், பையன்கள் சிரித்த முகமாக இறங்கினார்களாம், சகுனத்தில் ஒரு குறையும் இல்லை. தோற்றுவிட்டோம். இந்த ஸீஸனில் இவ்வளவு மோசமாக ஒரு நாளும் தோற்றதில்லை. நான் மேலே எழுதிய தும்மல், மழை, காற்று, ரெபரி, வேம்புவின் மூக்குப்பொடி எல்லாவற்றையும் அடித்துவிடு. "சகுனம் என்ன பண்ணும்? ஒருத்தனுக்காவது ஆடத் தெரியறதா?" என்கிறாள் உன் அக்கா. அடுத்த வருஷம் மேட்ச் எந்த மாதம் ஆரம்பிக்கும் என்றும் கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே உமர் ஃபாரூக் வந்தான். வாசற்படியில் தலை குனிந்து நின்றுகொண்டு, "வர்ற வருசம் நீங்களே வாங்க மாமா. தோக்கறதுன்னா நீங்க இருக்கறப்பவே தோத்துக்கறோம்" என்றான். நம் காலேஜ் கடைசி இடம், கல்யாணம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.