சீமாட்டியைக் காப்பாற்றிய வரலாறு

மீனை உண்மையாக நேசிக்கத் தெரிந்தவர்கள் இவ்வுலகில் மொத்தம் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரும் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து தார்ன்பி ஏரித் தூண்டில் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இந்தப் புள்ளிவிவரத்துக்கு நானே பொறுப்பு.

மற்றவர்கள் மீனைப் பிடித்தால் தின்றுவிடுகிறார்கள். நாங்கள் அப்படிப்பட்ட காட்டுமிராண்டிகள் அல்ல. வாயில் முள்ளை மாட்டிக் கரைக்கு இழுப்போம். மெத்தை விரித்துக் கிடத்துவோம். எடை பார்த்து, கிழிந்த உதட்டுக்கு மருந்து தடவி, நெற்றியில் ஒரு முத்தமிட்டு, படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடுவோம். அடுத்த வாரம் அதே மீனை மறுபடியும் பிடிப்போம். இந்த இடைவிடாத அன்புக்கு எங்கள் சட்டதிட்டத்தில் 'மீன் நலம்' என்று பெயர்.

இந்த நலத்தை அதிகம் அனுபவித்தவள் சீமாட்டி. நாற்பத்தெட்டு பவுண்டு கெண்டை. பத்தொன்பது ஆண்டுகளில் நூற்றுப்பன்னிரண்டு தடவை பிடிபட்டவள். முதன்முதலில் அவளைப் பிடித்தவர் வில்ஃப் லார்ட்டர் என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி இறந்தபிறகு அவர் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார். சீமாட்டி கரையோரம் வந்து தின்றுவிட்டுப் போவாள். முள் இல்லாமல் மீனுக்குத் தீனி போடுவது விளையாட்டு தர்மத்துக்கு விரோதம் என்று சங்க நிர்வாகக் குழு அவரை இரண்டு முறை எச்சரித்திருக்கிறது.

எங்கள் ஆறுகளில் நாற்பது ஆண்டுகள் நீர்நாயே இல்லாமல் இருந்தது. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து, பூச்சியோடு அவற்றையும் ஒழித்திருந்தது. அந்தப் பொற்காலத்தில்தான் சங்கம் வளர்ந்தது. பிறகு யாரோ மருந்தைத் தடை செய்து, ஆற்றைச் சுத்தம் செய்து, வேண்டாத வேலையெல்லாம் பார்த்தார்கள். இந்த ஆண்டு மார்ச் மாதம் இரண்டு கெண்டைகள் எங்கள் கரையில் பாதிப் பாதியாகக் கிடந்தன. எடையும் பார்க்கவில்லை, படமும் எடுக்கவில்லை. திரும்பி வந்த நீர்நாய் நேராகத் தின்றிருக்கிறது.

தலைவர் ரோலண்ட் காட்ஸ் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் ஓய்வுபெற்ற ஏல முகவர். மூன்று எண்ணுவதற்குள் எதையும் முடித்துவிடுவார். 'உறுப்பினர் அல்லாதார் இங்கு மீன் பிடிக்கக் கூடாது' என்று பலகை வைக்க ஒருமனதாகத் தீர்மானித்தோம். நீர்நாயின் வசதிக்காகத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தோம். மறுநாள் பலகையின் மேலேயே அது எச்சமிட்டிருந்தது. தலைவர் அதை 'எழுத்துப்பூர்வமான பதில்' என்று குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.

அடுத்து, ஏரியைச் சுற்றி வேலி. மே, ஜூன் முழுக்க உறுப்பினர்கள் குழி வெட்டினார்கள். கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்கிப் புதைத்தார்கள். ஜூலை முதல் திங்கட்கிழமை தலைவர் நாடா வெட்டினார். கதவை நானே பூட்டினேன். வேலியைச் சரிபார்க்க வனவிலங்குத் துறையிலிருந்து ஹிலரி தர்ட்டில் என்ற அலுவலர் வந்து, ஒரு சுற்று நடந்து, கரைக்கல் ஒன்றின்மேல் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வேலி பிரமாதமா இருக்கு, மிஸ்டர் காட்ஸ். ஒரு நீர்நாயால இதத் தாண்ட முடியாது."

"அதுதான மேடம் வேணும்."

"அதனாலதான் உள்ள இருக்கறது வெளிய போக முடியாம நிக்குது. இது இன்னிக்குக் காலைல போட்ட எச்சம்."

கை தட்டத் தயாராக இருந்தவர்கள் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். அந்த எச்சத்தில் நண்டின் ஓடுகளும் விலாங்கின் எலும்புகளும்தான் இருக்கின்றன, கெண்டைச் செதில் இல்லை என்றும் ஹிலரி சொன்னார். நீர்நாயைப் பிடிக்க உரிமம் வேண்டும். விண்ணப்பம் பத்தொன்பது பக்கம். பதில் வர ஆறு வாரம். அதைவிட, கதவைத் திறந்து வைத்தால் அதுவே போய்விடும் என்றார். திறந்தால் வெளியே இருக்கிற நீர்நாய்கள் உள்ளே வந்துவிடுமே என்றார் தலைவர். வெளியே வேறு நீர்நாய் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் ஹிலரி. அதுதான் சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது என்றார் தலைவர்.

அன்று மாலையே 'சீமாட்டி மீட்புத் திட்டம்' நிறைவேறியது. அவளைப் பிடித்து, சங்கக் கட்டடத்தின் பின்புறம், காற்றடித்த பிளாஸ்டிக் தொட்டியில் பத்திரமாக வைப்பது. தொட்டி தலைவருடைய பேரப்பிள்ளைகளுடையது. அடியில் நீலத் திமிங்கிலப் படம் போட்டது. வலை வீசக் கூடாது, தூண்டிலால் மட்டுமே மீன் பிடிக்கலாம் என்பது எங்கள் சட்டம். ஆகவே முப்பது தூண்டில்கள். முப்பத்தொன்றாமவர் வில்ஃப்.

"அவ வாயப் பாத்திருக்கியா ரோலண்ட்?" என்றார் வில்ஃப். "ஒரு பக்கம் உதடே இல்ல. இந்த வெயில்ல தண்ணி வேற வெந்நியாக் கெடக்கு. கதவத் தொறந்து விட்டுட்டு, எல்லாரும் ஒரு வாரம் வீட்ல இருங்களேன்."

"உணர்ச்சிவசப்படாத வில்ஃப். இது மீன் நலம் சம்பந்தப்பட்ட விஷயம்."

முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் வில்ஃப் தோற்றார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பல் மருத்துவர் சீமாட்டியைப் பிடித்தார். பதினைந்து வருடப் பழக்கம். மருந்து தடவி, முத்தமிட்டு, ஏரியில் விட்டுவிட்டார். விட்டபிறகுதான் திட்டம் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை இன்னொருவர் பிடித்தார். இரண்டு அவுன்ஸ் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தகராறு. வேறு தராசு எடுத்துவர ஆள் போனபோது அவள் மெத்தையிலிருந்து துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டாள். மீட்கப்படுபவரிடம் ஒத்துழைப்பு இல்லை என்று தலைவர் வருத்தப்பட்டார்.

ஞாயிறு பிற்பகல், கடும் வெயிலில், தலைவரே பிடித்தார். இந்த முறை சீமாட்டி அதிகம் போராடவில்லை. தொட்டி நாற்பதடி தூரத்தில் இருந்தது. ஆனால் இது வரலாற்றுத் தருணம். மீட்பில் பங்குகொண்ட எல்லோரும் படத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. நான் வழிமொழிந்தேன். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால். ஒருவர் தொப்பி எடுக்கப் போனார். இருவர் கண்ணை மூடிவிட்டதால் மறுபடி எடுத்தோம். என் கடிகாரப்படி பதினோரு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் வாலசைவு நின்றது. படம் ஆடாமல் வரும் என்று புகைப்படக்காரர் மகிழ்ந்தார்.

தொட்டியில் இறக்கினோம். அவள் பக்கவாட்டில் சாய்ந்து, நீலத் திமிங்கிலத்தின்மேல் அப்படியே மிதந்தாள். வில்ஃப் முழங்கை வரை தண்ணீரில் விட்டு அவளை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். அரைமணி நேரம் அசைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைவர் தொலைபேசியில் ஹிலரியை அழைத்து, நீர்நாய் ஒரு கொலை செய்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். ஹிலரி வந்து உடலைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு பல் தடம்கூட இல்லயே. வாயில முள் கிழிச்சது மட்டும் பதினேழு இருக்கு. அதுல மூணு புதுசு."

"மனசுல பட்ட காயம் வெளிய தெரியுமா மேடம்? வேலிக்குள்ள நீர்நாயோட ஒரே தண்ணியில இருந்திருக்கா. பயத்துலயே போயிட்டா."

ஹிலரி காரில் ஏறினார். 'நீர்நாய் அச்சத்தால் இயற்கை எய்தினார்' என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். தலைவர் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை அடக்கம். உறுப்பினர்கள் கறுப்பு டை அணிந்து வந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது வில்ஃப் மெல்ல நடந்துபோய் வேலிக் கதவைத் திறந்தார். சற்று நேரத்தில் நாணலிலிருந்து நீர்நாய் வந்தது. நான் அதை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஒரு பூனையைவிடக் கொஞ்சம் நீளம். வாயில் ஒரு நண்டைக் கவ்வியபடி, எங்களை ஏறிட்டும் பாராமல், கதவு வழியே ஆற்றுப் பக்கம் போய்விட்டது. தலைவர் இதைத் 'தலைமறைவு' என்றார்.

கல்லறைக்கு வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்கு நாள் யோசித்து, எங்கள் முப்பத்தொரு இதயங்களையும் இரண்டே வரியில் அடக்கினேன். 'சீமாட்டி. உயிருக்கும் மேலாக நேசித்தோம்.' கல் நட்டதும் வில்ஃப் மட்டும் நின்று இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். "அவ உயிருக்கும் மேலாத்தான் நேசிச்சோம்."

இதை அவர் பாராட்டாகச் சொன்னதாகவே குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.