இட்லிப் பானையில் வெந்த சாவிகள்

உலகத்திலேயே ஆபத்தானது, பயந்தவள் எடுக்கும் முன்னெச்சரிக்கைதான். (சொன்னவர் என் வீட்டுக்காரர். நேரில் ஒத்துக்கொள்ள மாட்டேன், எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன்.)

மகன் பிரசன்னாவுக்கு ஒரகடத்தில் வேலை நிரந்தரமானது. "ஃப்ரெண்ட்ஸ் ட்ரீட் கேக்கறாங்கம்மா. ஹைவேல ஒரு பாருக்குப் போறோம்" என்றான். உடனே என் மனதில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி வந்துவிட்டன. இருபத்து நாலு வயசுப் பிள்ளைகளைத் தடுக்கவா முடியும்?

"குடிக்கிறதுன்னா நம்ம வீட்டுல, என் எதிர்லயே குடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு வண்டியில் வந்தார்கள். வாசலிலேயே சாவிகளைப் பிடுங்கினேன். "காலையிலதான் திருப்பித் தருவேன். பாய், தலகாணி எல்லாம் ரெடி." முதலில் பிரியாணி, அது வயிற்றில் இறங்கிய பிறகுதான் பாட்டில். குடிக்காத ஒருவனுக்கு நன்னாரி சர்பத். அவனை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஊற்றுவது நான் மட்டுமே, அதுவும் இருமல் மருந்து மூடியால் அளந்து.

"இன்னா ஆண்ட்டி, கோயில் தீர்த்தம் கணக்கா கீது?" என்றான் குன்றத்தூர் சதீஷ். தென்காசியிலிருந்து வந்து ரூமெடுத்துத் தங்கியிருக்கும் செல்வம், பக்தியோடு கையைத் தலையில் தடவிக்கொண்டான்.

பிடுங்கிய சாவிகளைப் பசங்கள் தேடாத இடத்தில் ஒளிக்க வேண்டுமே. துணியில் முடிந்து இட்லிப் பானையின் அடியில் போட்டேன். மேலே தட்டுகளை அடுக்கி மூடிவிட்டு, நாலு வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய நிம்மதியில் படுத்தேன்.

காலையில் ஏதோ தீய்ந்த நாற்றம் எழுப்பியது. சமையலறையில் என் வீட்டுக்காரர், கல்யாணமான நாளிலிருந்து இரண்டாவது முறையாக, இட்லி ஊற்றி வைத்திருந்தார். பானையில் அவர் விட்ட ஒரே டம்ளர் தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது.

"அடியில ஒரு மூட்டை இருந்துதே, பாக்கலையா?"

"பாத்தேனே. பானை கறுக்காம இருக்க நீ புளி போடுவியே, அதைத்தான் துணியில கட்டிப் போட்டிருக்கியோன்னு நெனச்சேன்."

பிரித்தால், சாவிகளின் பிளாஸ்டிக் தலைகள் உருகி, நாலும் ஒட்டிக் கூட்டுக் குடும்பமாகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குக் கிளம்பிய செல்வம் அந்தக் கட்டியைத் தூக்கிப் பார்த்தான். "ஆண்ட்டி, இனி நாலு வண்டியையும் ஒண்ணாத்தான் ஸ்டார்ட் பண்ணணும் போல!"

எல்லோரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். இட்லியை யாரும் தொடவில்லை. தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

இப்போதும் யார் பைக்கில் வந்தாலும், "சாவியக் குடுங்க, ஒரு ஈடு வேக வெச்சுத் தருவா" என்கிறார் என் வீட்டுக்காரர். சிரிப்பதாகப் பாவனை செய்கிறேன். பிரசன்னா வெளியே போனால் மட்டும் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நண்பனின் கல்யாணப் பார்ட்டிக்குக் கிளம்பினான். சத்தமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் வண்டி வாசலிலேயே நிற்கிறது. போனில் மெசேஜ்:

"ஆட்டோல போறேன்மா. சாவி இட்லிப் பானைல இருக்கு. அப்பாவ அடுப்பாண்ட விடாத."