கொட்டகையாரின் வரிப் பதிவேடு

கொல்லிமலையில் மனிதர்களைவிட மாடுகளுக்குத்தான் வீடு அதிகம் என்று அரசாங்கத்தையே நம்ப வைத்த ஒரே ஆள் எங்கள் கொட்டகையார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை, ஊராட்சியில் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டர். ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். 1998-ல் நான் செம்மேட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவர் மலைக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. மனிதர் குடியிருந்தால் வரி, மாடு குடியிருந்தால் வரி இல்லை என்பது அன்றைக்கு எங்கள் ஊராட்சியில் நடைமுறை. இந்த ஒற்றை விதியை வைத்துக்கொண்டு அவர் மலையையே மாற்றி எழுதினார். கிழவர் தனியாக இருந்தால் அந்த வீடு பதிவேட்டில் மாட்டுக் கொட்டகை. புருஷன் இல்லாத பெண் பிள்ளைகளோடு இருந்தால் கொட்டகை. வீட்டுக்காரன் வரியைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவான் என்று தெரிந்தால், அந்த வாடகை வீடும் கொட்டகை. அதே ஆள் மிளகு வியாபாரியின் மாடி வீட்டுக்குப் போனால் டேப்பைக் கடைசி அங்குலம் வரை இழுப்பார், நாய்க்கூண்டையும் சேர்த்து அளப்பார்.

நான் புதுசு. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பெரியவர் குடியிருக்கிற ஊட்டைப் போய்க் கொட்டகைன்னு எழுதறீங்களே?"

"உள்ள என்ன நின்னுச்சு?"

"ரெண்டு ஆடுங்க."

"ஆடு வளந்தா மாடாயிடும்ல?"

"ஆகாதுங்களே."

"நீங்க எத்தனை வருசம் ஆடு மேய்ச்சிருக்கீங்க?"

நான் மேய்த்ததில்லை. அதோடு பேச்சு முடிந்தது. நான் சேர்ந்த முதல் மாதமே என் வாடகை அறைக்கும் டேப்போடு வந்தார். சுவரைப் பார்த்தார், என் ஒற்றைத் தட்டைப் பார்த்தார். "ஊருக்கு மாசாமாசம் பணம் அனுப்பறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது என்றேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

தணிக்கைக்கு யாரும் வர மாட்டார்களா என்று கேட்பீர்கள். வருவார்கள். ஆனால் மலையேற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவிலேயே அதிகாரிகளுக்கு முகம் வெளுத்துவிடும். மேலே வந்ததும் கொட்டகையார் எலுமிச்சம்பழத்தை நீட்டுவார், படுக்கப் பாய் போடுவார், கையெழுத்து வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்.

ஒரு வருடம் வந்தவர் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து தெளிவாக இறங்கினார். கையில் ஒரு மனு.

மனு போட்டவர் எங்கள் மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டு நல்லம்மா. எழுபதைத் தாண்டியவர், தனியாள். கண் மங்கிவிட்டது. இருட்டில் வாசல் பாறையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர், ஒரே ஒரு பல்பு கேட்டு மின்சாரத்துக்கு எழுதிப் போட்டார். வீட்டு வரி ரசீது கொண்டுவாருங்கள் என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள்; அந்த ரசீதைக் கேட்டுத்தான் இந்த மனு. ரசீது எங்கே இருக்கும்? எங்கள் பதிவேட்டில் அந்த இடத்தில் இருந்தது ஒரு கொட்டகையும் இரண்டு எருமைகளும்தான். வீடு என்று ஒப்புக்கொண்டால் கொட்டகையாரின் வேலை போகும். கொட்டகை என்று சாதித்தால் நல்லம்மாவுக்கு விளக்கு இல்லை.

கொட்டகையார் கொஞ்சமும் அசரவில்லை. விடிவதற்குள் பக்கத்து விவசாயியிடமிருந்து இரண்டு எருமைகளை ஓட்டிவந்து நல்லம்மாவின் வீட்டுக்குள் கட்டச் சொல்லிவிட்டார். நாங்கள் போனபோது அடுப்பை ஒட்டி ஒன்று, அரிசிப் பானையை முகர்ந்தபடி இன்னொன்று. கொடியில் புடவை காய்ந்தது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எருமைக்கு எதுக்குய்யா புடவை?"

"குளிர்ப் பிரதேசமுங்க சார்."

நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். வாசலில் நல்லம்மா நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஒடிந்து கூடிய கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனார்.

"போதும் கண்ணு," என்றார் கொட்டகையாரிடம். "நீ எனக்கு நல்லதுதான் பண்ணுன. அந்த வரிக்காசுல ஆறு வருசம் மருந்து வாங்கியிருக்கறேன், இல்லீங்கல. ஆனா உம்பட நோட்டுல நான் இல்லியே சாமி. எருமைதான இருக்குது."

பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "என்னையும் மனுசின்னு எழுதுங்க. முடிஞ்ச வரியக் கட்டறேன். இவரைத் திட்டாதீங்க."

கொட்டகையார் தலையைக் குனிந்து டேப்பை உருட்டிக்கொண்டே நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். "எப்போலேருந்து இது வீடு?"

கொட்டகையார் மெதுவாக நிமிர்ந்தார். "இன்னையிலிருந்துங்க சார். எருமைங்க இப்பத்தான் காலி பண்ணுதுங்க."

எழுபது வளைவிலும் இறுக்கமாக வந்த மனிதர் சிரித்துவிட்டார். கூரை வீடு, கடைசி வகுப்பு, இன்று முதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொட்டகையாருக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். இவர் அதைப் பரிசு போல வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ரசீதைத் தன் கையாலேயே, முத்து முத்தாக எழுதினார். நல்லம்மா தன் பெயரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த மாதம் பல்பு எரிந்தது.

அதற்குப் பிறகு கொட்டகையார் எந்த வீட்டையும் கொட்டகை என்று எழுதவில்லை. வயதானவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வரியைச் சட்டப்படியே குறையுங்கள் என்று மாதம் ஒரு மனு எழுதி மேலே அனுப்பினார். பாதி திரும்பி வந்தது. திரும்பி வந்ததையே தேதி மாற்றி மறுபடி அனுப்பினார். சிலருக்குக் குறைத்தும் கொடுத்தார்கள்.

அவர் ஓய்வு பெற்றபோது பதிவேடு என்னிடம் வந்தது. பழைய கொட்டகைகளை எல்லாம் சிவப்பு மையில் வீடுகளாக மாற்றி வைத்திருந்தார். ஒன்றே ஒன்று மட்டும் அப்படியே இருந்தது: 'செம்மேடு. வாடகை அறை. கொட்டகை. எருமை ஒன்று.'

என் அறை. தங்கை கல்யாணக் கடன் அடைகிற வரைக்கும் வீட்டுக்காரர் என்னிடம் வரி என்று ஒரு வார்த்தை கேட்காததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. திருத்த மனம் வரவில்லை. அவர் நோட்டில் நான் எருமையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.